சாமை அறுப்பு முடியட்டும், சிஸ்டரம்மா

என் பெரியம்மா மகள் கிராம சுகாதார செவிலியர். தர்மபுரி மாவட்டத்தில், அரூரிலிருந்து ஏறிப் போகும் ஒரு மலையில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் "ஒரு தடவை வந்து பாருடி" என்பாள். இந்த முறை போய்விட்டு வந்தேன். ராத்திரி நோட்டில் எழுதி வைத்ததை நாள்வாரியாகப் போடுகிறேன். மலைக்கும் அங்குள்ள ஊர்களுக்கும் பெயர் போடவில்லை. பேசியவர்கள் எல்லாரும் அக்காவை நம்பித்தான் என்னிடம் பேசினார்கள்.

நவம்பர் 3, திங்கள்

அரூர் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது மணி பத்தரை. தூறல். மலைக்குப் போகும் ஜீப் பதினொன்றுக்குக் கிளம்பும் என்றார்கள். ஆள் நிரம்பிக் கிளம்பியது ஒன்றரைக்கு. அதுவரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டீ 12 ரூபாய், மசால்வடை 8. கடைக்காரர் காலி கிளாஸை எடுத்துக்கொண்டாரே தவிர, எழுந்து போகச் சொல்லவில்லை. மழை வலுத்தபோது பெஞ்சையே உள்பக்கம் இழுத்துப் போட்டார்.

ஜீப்பில் பதினேழு பேர். மேலே இரண்டு மூட்டை உரம், ஒரு சிலிண்டர். ஆளுக்கு 60 ரூபாய். என் பக்கத்தில் எழுபது வயதுத் தாத்தா ஒருவர் இருந்தார். சட்டைக்குள், வயிற்றோடு சேர்த்து, பாலித்தீன் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்து வைத்திருந்தார். கண் ஆபரேஷன் முடிந்து திரும்பக் காட்ட வந்தவர். நேற்று மத்தியானமே இறங்கி, ராத்திரி பஸ் ஸ்டாண்டில் படுத்து, காலையில் முதல் ஆளாக வரிசையில் நின்றாராம். "டாக்டர் அஞ்சு நிமிசம் பாத்தாரு, நல்லா இருக்குன்னுட்டாரு. அஞ்சு நிமிசத்துக்கு ரெண்டு நாளு" என்றார். குறைப்பட்டுக்கொள்ளும் குரலே இல்லை. எனக்குத்தான் நெஞ்சு கனத்தது.

யார் வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டார்கள். நர்சம்மாவின் தங்கச்சி என்றதும் எதிரில் இருந்த அம்மா எழுந்து, "ஓரத்துல வாங்க கண்ணு, வாந்தி வரும்" என்று ஜன்னல் பக்கத்தை எனக்குக் கொடுத்தார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

துணை சுகாதார நிலையமும் அக்காவின் வீடும் ஒரே கட்டடம். இரண்டு அறை, ஒரு திண்ணை. ராத்திரி கேழ்வரகுக் களியும் கொள்ளு ரசமும். சாப்பிட்டுக்கொண்டே அக்கா கணக்குச் சொன்னாள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் அங்கே 30,000, இங்கே 20,000. மலைக்குச் சலுகை காட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. "அங்கே 5,000 பேரும் வண்டி போற ரோட்டுல இருப்பாங்க. எனக்கு இருக்கிற ஆட்கள் பதினோரு ஊர்ல இருக்காங்க. அதுல நாலு ஊருக்கு வண்டியே போகாது" என்றாள்.

நவம்பர் 4, செவ்வாய்

கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அக்காவோடு போனேன். எட்டு மணிக்கே திண்ணையில் ஒன்பது பெண்கள். சிலர் இரண்டு மணி நேரம் நடந்து வந்தவர்கள். நடந்து வந்தவர்களின் சேலைக் கரையில் முழங்கால் வரை சேறு. யார் எந்த ஊர் என்பதைச் சேற்றின் நிறத்தை வைத்தே அக்கா சொல்கிறாள்.

எடை, பிரஷர், இரத்தம். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு ஹீமோகுளோபின் 7.8. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோமே, சாப்பிட்டாயா என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா அவளை வெளியே வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப் போய்க் கேட்ட பிறகுதான் சொன்னாள்: மாத்திரை போட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, உள்ளே ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து நிறுத்திவிட்டாள். கறுப்பாகப் போவது இரும்புச்சத்தால்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்த அன்றைக்கே யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அக்கா தன்னையே கடிந்துகொண்டாள். டாக்டர் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்ற எழுதிக் கொடுத்தார். மருந்து ஏறும் வரை அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை காகிதம் மாதிரி வெளுத்திருந்தது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய்க்கு உதவி உண்டு. 14,000 ரூபாய் பணமாக, தவணை தவணையாக, வங்கிக் கணக்குக்கு வரும். மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். பணம் வந்துவிட்டதா என்று பார்க்கக்கூட மலையிறங்கித்தான் ஆகவேண்டும். போக வர ஜீப்புக்கு 120, அன்றைய நூறு நாள் வேலைக் கூலியும் போய்விடும். இரண்டு முறை இறங்கி, வரவில்லை என்று திரும்பிய பெண் மூன்றாவது முறை போவதில்லை. வங்கிக்கே இப்படி என்றால் ஆஸ்பத்திரிக்கு எத்தனை முறை இறங்குவார்கள்?

மத்தியானம் பதிவேட்டைப் பார்த்து அக்கா ஒரு பெயரில் வட்டம் போட்டாள். வந்திருக்க வேண்டியவள் வரவில்லை. இரண்டாவது பிரசவம். இன்னும் பதினெட்டு நாள். முதல் பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காமல் அவதிப்பட்டவள். "வியாழக்கிழமை நாமே போயிடலாம். நல்ல செருப்பு போட்டுக்கோ" என்றாள்.

நவம்பர் 5, புதன்

தடுப்பூசி நாள். விடிகாலையில் ஐஸ் பேக் அடுக்கிய நீலப் பெட்டி. உள்ளே 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டால் அக்கா யாரிடமும் கொடுப்பதில்லை. ஓடையைத் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள், பெட்டியைத் தர மறுத்துவிட்டாள்.

பலா மரத்தடியில் பாய் விரித்து முகாம். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று ஊசி. மூன்றாவது ஊசிக்கு வரவேண்டிய குழந்தை ஒன்று வரவில்லை, அந்த வீட்டுக்கே போனோம். தாய் களத்தில் இருந்தாள். ஊசி போட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ராத்திரி தூங்காது, மறுநாள் வேலைக்குப் போக முடியாது, அதுதான் காரணம். தடுப்பூசிக்கு எதிராக அவளிடம் ஒரு வார்த்தையும் இல்லை. அக்கா ஊசி போட்டு, காய்ச்சல் மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று மூடியில் கோடு போட்டுக் காட்டி, "ராத்திரி அழுதா என் வீட்டுக்குத் தூக்கிட்டு வா, நான் வெச்சிருக்கேன், நீ தூங்கு" என்றாள். பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தக் குழந்தை எங்கள் பாயில் இருந்தது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. இங்கேயும் வருகிறது. ஒரு பாட்டி தன் மாத்திரைகளைச் சுருக்குப் பையிலிருந்து கொட்டிக் காட்டினார். எல்லாம் பாதிப் பாதியாக உடைத்தவை. மழைக்காலத்தில் பாதை அறுந்து மாத்திரை வராமல் போய்விடுமோ என்று, அடுத்த மாதத்துக்கும் சேர்த்து வைக்கிறாராம். பிரஷர் 180-க்கு 100. அக்கா கோபப்படவில்லை. கூடுதலாக ஒரு அட்டையைக் கொடுத்து, "இது மழைக்கு. அது தினமும் முழுசா" என்றாள். பாட்டி சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு கை வேர்க்கடலை கொடுத்தார்.

ராத்திரி பேச்சு பாம்புக்குப் போனது. பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போன வருடம் கட்டு விரியன் கடித்திருக்கிறது. தரையில் படுத்திருந்தவன். வலி இல்லை, வீக்கம் இல்லை, கடிபட்டதே தெரியவில்லை. விடியற்காலை வயிற்று வலி, பிறகு கண் இமை தொங்கியிருக்கிறது. சாப்பிட்டது சேரவில்லை என்று கஷாயம் கொடுக்கப் போனார்களாம். அவன் பாட்டிதான் இமையைப் பார்த்துவிட்டு நர்சம்மாவைக் கூப்பிடச் சொன்னாராம். கண்ணாடி விரியன் கதை வேறு. கடித்த இடம் வீங்கும், இரத்தம் உறையாது. சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. அந்த இருபது நிமிடம் தன் வாழ்க்கையிலேயே நீளமானது என்கிறாள் அக்கா.

நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் மருந்து ஒன்றுதான். அதைப் பாம்பு விஷத்திலிருந்துதான் தயாரிக்கிறார்கள். விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்து இருளர்கள். ஒரு பழங்குடி மக்களின் கைத்திறன் இன்னொரு மலையில் இருக்கும் பிள்ளைக்கு உயிர் கொடுக்கிறது. ஆனால் மருந்து இருக்கும் இடத்துக்குப் பிள்ளை போய்ச் சேர வேண்டுமே. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை வழியிலேயே இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, தாய் உடலைக் கையில் சுமந்து நடந்தார். அந்தச் செய்தி வந்த வாரம் இந்த மலையில் பாதிப் பேர் கயிற்றுக் கட்டில் வாங்கியதாக அக்கா சொன்னாள்.

நவம்பர் 6, வியாழன்

ஐந்து கிலோமீட்டர். போய்ச் சேர இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆனது. இதைக் குறித்து வைத்துக்கொண்டேன், காரணம் பின்னால் வரும்.

முதல் ஒரு மணி நேரம் சுகமான நடை. மேகம் கீழே இருந்தது. அப்புறம் சேறும் வழுக்குப் பாறையும். இரண்டாவது ஓடையில் என் செருப்பு வார் அறுந்துபோனது. எதிரே ஆடு ஓட்டி வந்த பையன், பத்து வயது இருக்கும், ஒன்றும் பேசாமல் தன் செருப்பைக் கழற்றி வைத்தான். என் காலுக்குப் போதவில்லை. ஓடிப் போய் அம்மாவின் செருப்போடு வந்தான். திருப்பித் தர வழி தெரியவில்லையே என்றதற்கு, "வர்றப்ப அந்தப் புளியமரத்துல மாட்டிட்டுப் போங்க" என்றான்.

வழியில் ஒரு பெரிய பாறை. 108-ஐக் கூப்பிட இங்கேதான் வரவேண்டும், மூன்று ஊருக்கும் சிக்னல் இந்த ஒரு இடத்தில்தான். தமிழ்நாட்டில் 108 ஓடத் தொடங்கியது 2008-ல். கூப்பிட்டால் வருகிறார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன் என்கிறாள் அக்கா. வண்டி வந்து நிற்கும் இடம் வரை ஆளைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போவதுதான் பாடு. அந்தச் சின்ன ஊரில் எட்டு வீடு. இரண்டாவது வீட்டுப் பரணில் வழவழவென்று தேய்ந்த ஒரு மூங்கில் இருந்தது. எதற்கு என்று கேட்டேன். போர்வையைக் கட்டித் தூக்க. ஊர்ப் பொது மூங்கிலாம், வேறு வேலைக்கு யாரும் தொட மாட்டார்கள்.

அந்தப் பெண் சாமைக் கொல்லையில் இருந்தாள். எட்டரை மாத வயிறு, கையில் கருக்கரிவாள். அறுப்பு நேரம். புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில். நாலு வயதுப் பையன், ஒன்பது ஆடு, மாமியார். பிரசவத்துக்கு முன்பே இறங்கி வந்து தங்க ஆஸ்பத்திரியில் அறை இருக்கிறது, சாப்பாடும் உண்டு என்று அக்கா சொன்னாள். அவள் கேட்டுக்கொண்டே அறுத்தாள். கடைசியில் சொன்னாள்: "அறுப்பு முடியட்டும், சிஸ்டரம்மா."

அக்கா வாதம் செய்யவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு, மாமியாரின் கையிலிருந்த அரிவாளை வாங்கி, கொல்லையில் இறங்கிவிட்டாள். நானும் கதிர்க் கட்டுகளைத் தூக்கிப் போட்டேன். ஒரு மணி நேரம் யாரும் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசவில்லை. அப்புறம் அந்தப் பெண்ணே, குனிந்தபடியே, பேச ஆரம்பித்தாள். முதல் பிரசவத்துக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். வலியில் கத்தியதற்கு ஒருவர் கேட்கக் கூடாத வார்த்தை சொல்லியிருக்கிறார். காலில் இருந்த மண்ணைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறார்கள். மாமியாரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "ரத்தம் போனது கூட மறந்துருச்சு. அந்தப் பேச்சு மறக்கல" என்றாள்.

ஆடும் அறுப்பும் உண்மையான காரணங்கள்தான். ஆனால் அதற்கெல்லாம் அடியில் இது இருந்திருக்கிறது. நாலு வருடமாக.

மத்தியானம் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. புதுச் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, வதக்கிய சுண்டைக்காய். புதுச் சாமைக்கு ஒரு வாசனை இருக்கிறது, கடையில் வாங்கும் சாமையில் அது வந்ததேயில்லை. மாமியார் எங்களுக்குப் பரிமாறிவிட்டு, நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை தான் தொடவில்லை. அவருக்கு ஆறு பிள்ளைகள் பிறந்து மூன்று தங்கியிருக்கின்றன. அதை எண்ணும்போது விரலை மடக்கவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றையும் மாதம் சொல்லி எண்ணினார்.

அக்கா அவரிடம்தான் கடைசியாகப் பேசினாள். "பிள்ளை பிறந்தப்புறம் ரத்தம் நிக்கலைன்னா ரெண்டு மணி நேரம்தான் இருக்கும் அத்தை. பாறைக்குப் போய்ப் போன் பண்ணி, தூளி கட்டி, வண்டிக்குப் போறதுக்குள்ள அது முடிஞ்சிரும். போன தடவ கீழ இருந்ததாலதான் இவ இன்னிக்கு இருக்கா." மாமியார் பதில் சொல்லவில்லை. அறுப்புக்கு இன்னும் எத்தனை நாள் என்று அக்கா கேட்டாள். நாலு நாள். "சரி, திங்கட்கிழமை" என்றாள். அவர்கள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது செருப்பைப் புளியமரத்தில் மாட்டிவிட்டு வெறுங்காலோடு வந்தேன். இரண்டு இடத்தில் விழுந்தேன். ராத்திரி கால் இரண்டும் நெருப்பு.

நவம்பர் 7, வெள்ளி

அக்காவுக்குக் கூட்டம். நான் மலையிறங்கி, சிட்லிங்கியைப் பார்த்துவிட்டு அரூர் திரும்புவதாகத் திட்டம். கோட்டப்பட்டியில் பஸ் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை, இரண்டு மணி நேரம் காத்திருப்பு. போண்டா 7 ரூபாய், சுடச்சுட, நாலு சாப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லம்பாடி அம்மா, நான் காலைத் தேய்ப்பதைப் பார்த்து, கேட்காமலே தன் பையிலிருந்து தைலத்தை எடுத்துக் கொடுத்தார்.

1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற டாக்டர் தம்பதி சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்கு வந்து ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போது இங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதைத் தாண்டவில்லை. அது இன்று பல மடங்கு குறைந்துவிட்டது. ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற அவர்கள் அமைப்பு, உள்ளூர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி கொடுத்து வளர்த்தது. நேற்றுக் கேட்ட பேச்சு மனதில் இருந்ததால், எனக்கு அந்த ஒரு விஷயம்தான் பெரிதாகப் பட்டது. வாசலில் விசாரிக்கும் பெண்ணுக்கும் உள்ளே வரும் நோயாளிக்கும் ஒரே பேச்சு, ஒரே ஊர் வழக்கம். காலில் மண்ணோடு ஒரு பெரியவர் உள்ளே போனார். யாரும் அவர் காலைப் பார்க்கவில்லை.

அதிக நேரம் இருக்க முடியவில்லை, கடைசி பஸ் போய்விடும். அரூரில் அறை 600 ரூபாய். வெந்நீர் இருந்தது.

நவம்பர் 8, சனி

காலை ஆறே முக்காலுக்கு அக்காவிடமிருந்து போன். சிக்னல் பாறையிலிருந்து பேசுகிறாள், காற்று இரைச்சலே பாதி. மாமியார் பள்ளிக்கூடப் பையனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: தானும் கூடவே இருக்க வேண்டும், பேரனும் இருப்பான், வாசலில் நிற்கவைக்கக் கூடாது. ஆட்டைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். "வர்றேன்னு சொல்லலடி. இதெல்லாம் ஆகுமான்னு கேட்டிருக்காங்க" என்றாள் அக்கா. டாக்டரிடம் பேசிவிட்டாளாம். பிறகு, அரூரில் சில சாமான் வாங்கி ஜீப்பில் கொடுத்துவிடச் சொன்னாள்.

கடைத் தெரு திறக்க ஒன்பதாகிவிட்டது. ஒரு ஃப்ளாஸ்க் 450, நாலு வயதுக்கு ஸ்வெட்டர் 280, இரண்டு பருத்தித் துண்டு 160, பொறி உருண்டை 40. ஸ்வெட்டரைக் கொஞ்சம் பெரிதாகவே எடுக்கச் சொன்ன கடைக்காரம்மா, விஷயம் தெரிந்ததும் துண்டு ஒன்றுக்குக் காசு வாங்கவில்லை. அப்புறம் செருப்புக் கடைக்குப் போய்ப் பத்து வயதுப் பையனுக்கு ஒரு ஜோடி வாங்கினேன். அளவு கேட்டார்கள். அன்றைக்கு அவன் செருப்பின் மேல் என் காலை வைத்துப் பார்த்தது நினைவிருந்தது, விரலில் காட்டினேன்.

மலை ஜீப் இன்றைக்கும் நிரம்பாமல்தான் நின்றிருந்தது. டிரைவரிடம் பையைக் கொடுத்து, இது துணை சுகாதார நிலையத்துக்கு, இந்தச் செருப்பு ஆடு மேய்க்கிற பையனுக்கு, புளியமரத்து வளைவில் என்றேன். 100 ரூபாய் நீட்டினேன். கையை ஆட்டிவிட்டார். ஃப்ளாஸ்க்கைத் தனியே எடுத்து, உடையாமல் இருக்கத் தன் சீட்டுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்தார்.

"மேக்கால ஊர்லேர்ந்து வர்ற புள்ளத்தாச்சிக்குத்தானே?" என்று கேட்டார்.

வருவாளா என்று இன்னும் தெரியவில்லை என்றேன்.

"நர்சம்மா வியாழக்கிழமை சாயங்காலமே சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை காலைல வண்டி பாதை முடியற எடத்துல வந்து நிக்கணும், முன் சீட்டுல யாரையும் ஏத்தக் கூடாதுன்னு" என்று சொல்லிவிட்டு, மேலே ஏறிச் சிலிண்டருக்குக் கயிறு கட்டப் போனார்.